மாமியார் எழுதிய காதலர் தினக் கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம், வைகாசியில் முகூர்த்தம். பிப்ரவரி 14 அன்று மாப்பிள்ளை ரோஜாப் பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் அனுப்பினார். மகளுக்குச் சந்தோஷம். எங்கள் ஆத்தாதான், "அட்டைக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது, நம்ம வீட்டுக்கு எதுக்கு?" என்கிறார்கள். அப்படித்தானா? சீர் விவரங்களைக் குறிக்கும் முறைச்சிட்டை எழுதும் நேரத்தில் இது மனத்தாங்கலாகிவிடக் கூடாதே என்று கவலை.

ஒரு வாசகர், பள்ளத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டைக் கம்பெனிகள் வந்தது மிகவும் பிந்தி. இங்கிலாந்தில் 1840இல் தபால் கட்டணம் ஒரு பென்னியாக மலிந்த பிறகுதான் அந்த வியாபாரம் சூடுபிடித்தது. காதலர் தினத்துக்குப் பெயர் தந்த வேலன்டைன் என்பவர் 3ஆம் நூற்றாண்டில் ரோமில் கொல்லப்பட்ட கிறிஸ்தவப் புனிதர். படைவீரர்களுக்கு ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்தார் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்த கதை. அவர் நாளையும் காதலையும் கவிதையில் சேர்த்துவைத்தவர் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். அன்று பறவைகளெல்லாம் கூடித் தத்தம் துணையைத் தேர்ந்துகொள்வதாகப் பாடினார்.

இதற்கு நூறு வருஷம் கழித்து நடந்ததுதான் ஆத்தா கேட்க வேண்டியது. 1477 பிப்ரவரி, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி. மார்ஜரி புரூஸ் என்ற பெண்ணுக்கும் ஜான் பாஸ்டனுக்கும் கல்யாணப் பேச்சு. பெண்ணின் அப்பா தருவதாகச் சொன்ன சீர்ப்பணம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போதவில்லை, பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. அப்போது பெண்ணின் அம்மா எலிசபெத் மாப்பிள்ளைக்கு எழுதுகிறார்: வெள்ளிக்கிழமை வேலன்டைன் நாள், ஒவ்வொரு பறவையும் தன் இணையைத் தேர்கிற நாள், வியாழன் இரவே வந்துவிடுங்கள், திங்கள்வரை தங்கி என் கணவரிடம் பேசுங்கள். வருங்கால மாமியார் எழுதியது இது!

மார்ஜரியும் எழுதினாள். 'என் வேலன்டைன்' என்று அவனை அழைத்து, அம்மா எவ்வளவோ பேசியும் அப்பா அதற்கு மேல் இறங்கி வரவில்லை, என்மேல் உங்களுக்கு அன்பிருந்தால் அதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள் என்றாள். ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வேலன்டைன் கடிதம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்துவிடுகிறது. அவர்கள் கல்யாணம் நடந்தது.

நமக்கு இந்தப் பருவம் புதிதும் அல்ல. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் தை முழுதும் தரை விளக்கி, 'மாசி முன்னாள்' தெருவில் நுண்மணல் பரப்பிக் கோலமிட்டு, வேங்கடவனோடு சேர்த்துவை என்று காமனை வேண்டுகிறாள். இன்றைய நாட்காட்டியில் பிப்ரவரி 14 மாசி பிறந்த கையோடு வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சொல்லவில்லை. ஆனால் இப்படி வெளிப்படையாக ஆசையைச் சொன்ன பெண்ணை நாம் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம்.

சரி, முறைச்சிட்டைக்கு வருகிறேன். ஒரு ரோஜாவால் மனத்தாங்கல் வராது, சிட்டையால் வரும். பெண் வீட்டார் ஆசையாகச் சேர்த்துப் பரப்பிய எத்தனையோ பித்தளை, எனாமல் சீர்ச் சாமான்கள் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடக்கின்றன. மாப்பிள்ளை நல்ல பையனாகத் தெரிகிறார். கூப்பிட்டு உட்காரவைத்து, சிட்டையை எவ்வளவு குறைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். மகளும் கூடவே இருக்கட்டும்.