புங்கன் மஞ்சளானால் உரக்கடைக்கு ஓடாதீர்கள், அடித்தூரைத் தோண்டுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் தெரு சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற களிமண். வெயில் தாங்காமல் குடியிருப்போர் சங்கம் சார்பில் போன ஆடியில் 24 புங்கன் நட்டோம். சீக்கிரம் நிழல் வேண்டுமென்று 10 அடிக் கன்றாகவே வாங்கினோம். 2 அடிக் குழி எடுத்து, செம்மண்ணும் தொழுஉரமும் நிரப்பி, சவுக்குக் கழியில் கட்டினோம். தினம் மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர். சித்திரை வந்தும் பாதிக்கு மேல் இலை மஞ்சளாக நிற்கிறது, நுனி காய்கிறது. கயிற்றை அவிழ்த்தால் மரம் சாய்கிறது. நர்சரிக்காரர் டிஏபி உரமும் வேர் ஊக்கியும் போடச் சொல்கிறார். எவ்வளவு போடலாம்? புயலுக்குத் தாங்குமா?

பதில்: டிஏபி ஒரு கிராம்கூட வேண்டாம். வேர் ஊக்கி என்பது வெட்டி நடுகிற கிளைத்துண்டில் வேர் பிடிக்க வைக்கிற சரக்கு. நட்டு ஒன்பது மாதமான மரத்துக்கு அதைப் பரிந்துரைக்கிறவருக்குச் சரக்கு தீர வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சளில் வகை உண்டு. புங்கன் மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் தளிர்ப்பது இயல்பு. இலையில் வெள்ளைத் திட்டும் கோடும் இருந்தால் இலைத்துளைப்பான் புழு; மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. கட்டடக் கழிவு கலந்த மண்ணில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் இலையில் தெளித்தால் தேறும். நீங்கள் எழுதியிருப்பது இதில் எதுவும் இல்லை. மொத்த இலையும் மஞ்சளாகி, நுனி காய்ந்து, மரமும் ஆடுகிறது என்றால் கோளாறு வேரில்தான்.

முதல் சந்தேகம் தண்ணீர். களிமண்ணில் குழி எடுத்துச் செம்மண் போட்டால் அது அடி ஓட்டையில்லாத தொட்டி. நீர் செம்மண்ணில் சட்டென இறங்கும், களிமண் சுவரில் முட்டி நின்றுவிடும். தினம் ஒரு குடம் ஊற்றினால் வேருக்குக் காற்று ஏது? குழி ஓரத்தில் கடப்பாரையை 1½ அடி இறக்கி எடுங்கள். நுனியில் ஒட்டி வரும் மண் அழுகிய முட்டை மாதிரி நாறினால் சந்தேகமே வேண்டாம். தண்ணீரை உடனே நிறுத்தி, 4 விரற்கடை ஆழத்தில் மண் காய்ந்த பிறகு, 5 நாளுக்கு ஒருமுறை 3 குடம் விடுங்கள். அதுவும் தண்டை ஒட்டி அல்ல, ஓரடி தள்ளி. அடுத்த முறை எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். தொழுஉரத்தைக் குழிக்குள் கொட்டாமல் மேலே பரப்பினால் போதும்.

இரண்டாவது சந்தேகம்தான் முக்கியம். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. அந்த 10 அடிக் கன்று எத்தனை வருடம் பைக்குள் இருந்தது? பாலித்தீன் பையின் சுவரில் முட்டிய வேர் வெளியே போக வழியில்லாமல் வட்டமடிக்கும். நட்ட பிறகும் அது நேராவதில்லை, சுற்றிய வாக்கிலேயே தடிக்கும். தண்டும் தடிக்கும். ஐந்தாறு வருடத்தில் வேரே தண்டின் கழுத்தைச் சுருக்குப் போட்டு நெரிக்கும். மேலே பச்சைப் பசேல் என்றுதான் நிற்கும். புயல் வந்த அன்று, பை எந்த அளவோ அந்த அளவு வேரோடு பெயர்ந்து விழும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் பெருங்கொன்றையும் மயில்கொன்றையும் வரிசையாக விழுந்ததும் எல்லாரும் அயல்நாட்டு மரத்தைத் திட்டினார்கள். திட்டு நியாயம்தான். ஆனால் வேர் சுருண்ட வேம்பும் விழும், புங்கனும் விழும்.

ஆகவே மிக மோசமான இரண்டு மரத்தின் அடித்தூரைக் கைக்கொத்தால் மெதுவாகத் தோண்டுங்கள். தண்டு தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால் மாதிரி விரிய வேண்டும். கம்பம் நட்டதுபோல நேராக இறங்கினால் ஆழமாகப் புதைத்துவிட்டீர்கள். விரிவு தெரியும்வரை மண்ணை விலக்கிவிடுங்கள். தண்டைச் சுற்றிப் பென்சில் கனத்தில் ஒன்றிரண்டு வேர் ஓடினால், மழை இறங்கியதும் கூர்மையான கத்தரியால் வெட்டி எடுங்கள். பாதிச் சுற்றுக்கு மேல் வளையம் போட்டிருந்தால் அந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது. எடுத்துவிட்டுப் புரட்டாசியில் வேறு நடுங்கள்.

அப்போது 3 அடிக் கன்று வாங்குங்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் கன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு. காட்ட மறுக்கும் கடையில் நிற்காதீர்கள். நர்சரியில் விற்காமல் தங்கிய பழைய கன்றுதான் பல இடங்களில் 'வளர்ந்த மரம்' என்று அடிக்கு இவ்வளவு என விலை போகிறது. 3 அடிக் கன்று மூன்று நான்கு வருடத்தில் அதை எட்டிப் பிடிக்கும். நடும்போது மண்கட்டியின் வெளிச்சுற்றில் ஓரங்குலம் கத்தியால் சீவி விடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை.

கழியைத் தண்டோடு ஒட்டிக் கட்டியிருப்பீர்கள். ஆடாத தண்டு தடிக்காது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கழி, 3 அடி உயரத்தில் பழைய துணிப்பட்டை, கொஞ்சம் தளர்வாக. நைலான் கயிறு பட்டையை அறுத்துவிடும். ஒரு வருடத்தில் கழியை எடுத்துவிட வேண்டும்.

24 மரத்துக்கும் சுற்றி எவ்வளவு மண் திறந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. டெல்லி மரங்களின் அடியைச் சுற்றி 1 மீட்டருக்கு சிமென்ட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே சொன்னது. என்னைக் கேட்டால் அதுவே குறைவு. வேர் பெரும்பாலும் மேல் 2 அடி மண்ணில்தான், கிளைப் பரப்பைத் தாண்டியும் ஓடும். இரண்டு மரத்துக்கு நடுவே சிமென்டை உடைத்து 4 அடி அகல மண் பட்டையாக இணைக்க முடிந்தால் 12 மரமே போதும். வெயிலைத் தணிப்பது மரத்தின் எண்ணிக்கை அல்ல, இலைப் பரப்பு. தண்ணீர் நிற்கும் முனைகளில் நீர்மருது வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை போதும், புங்கன் வேண்டாம்.

மழைநீர் வடிகால் தோண்ட வரும் ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மரத்தின் ஒரு பக்க வேரை ஜேசிபி அறுத்துவிட்டால் அடுத்த புயலுக்குள் அந்தப் பக்கம் வேர் பிடிக்காது. காற்று வரும் பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு. தண்டிலிருந்து 6 அடிக்குள் கையால் தோண்டச் சொல்லி எழுதி வாங்குங்கள்.