கேட்காமலே திறந்திருக்கும் முகப்புப் படம்

கேள்வி: மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் என் கணவர் பூக் கமிஷன் கடை நடத்துகிறார். அவருடைய கைப்பேசிச் செயலியின் முகப்புப் படத்தில் இருக்கும் எங்கள் மகளைப் பற்றி முன்பின் அறியாத ஒருவர் விசாரித்தார். நாங்கள் அனுமதி தராதபோது அவர் எப்படிப் பார்த்தார்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அனுமதி கேட்கப்படவே இல்லை என்பதுதான் சிக்கல். வாட்ஸ்அப்பை எடுத்துக்கொண்டால், கணக்குத் தொடங்கும்போதே முகப்புப் படத்தை ‘அனைவரும்’ காணலாம் என்று அமைக்கப்பட்டிருப்பதால், ரசீதில் அச்சிட்ட கடை எண்ணைப் பதிந்துகொள்ளும் எவரும் அதைப் பார்க்க முடியும். ‘தனியுரிமை’ பகுதியில் இதை ‘எனது தொடர்புகள்’ என்று மாற்றலாம். ஆனால் வியாபாரியின் தொடர்புப் பட்டியலில் பாதி ஊரே இருக்கும் என்பதால், அந்த எண்ணில் கடையின் படத்தை வைத்துவிட்டு, குடும்பத்துக்கு வேறு எண் வைத்துக்கொள்வதையே பரிந்துரைக்கிறேன். (கடைசியாகப் பார்த்த நேரத்தையும் மறைத்தால் பிறருடையது உங்களுக்குத் தெரியாது, அதில் பெரிய இழப்பில்லை.)

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 25-ஆம் பிரிவு, ஒருவர் தாமாகத் திறந்துவிடாமல் அவருடைய விவரங்கள் கணக்கற்றோரின் பார்வைக்குச் செல்லும்படி அமைக்கக் கூடாது என்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ ஒப்புதல் தெளிவான செயலால் வெளிப்பட வேண்டும் என்கிறதே தவிர, தொடக்க அமைப்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசவில்லை; இதைக் குறையென்றே கருதுகிறேன். 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது அதில் உண்டு என்றாலும், படத்தை வைத்தவர் தந்தையே என்பதால் அது உங்களுக்கு உதவாது.