கேளுங்கள்: தொட்டால் போதும், இரங்கல் போய்விடும்

கேள்வி: தொழில்நுட்பம் வளர வளர மனிதத்தன்மை தேய்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இந்தப் புகாரை எழுத்தின் மேலேயே சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைக்க ஆரம்பித்தால் நினைவாற்றல் மங்கிவிடும், ஏட்டிடம் என்ன கேட்டாலும் அது சொன்னதையேதான் திரும்பச் சொல்லும் என்று சாக்ரடீஸ் அலுத்துக்கொள்வதாக பிளேட்டோவின் நூலில் வருகிறது (பிளேட்டோ அதை எழுதி வைத்ததால்தான் நமக்கே தெரியும்!). அதனால் 'எல்லாம் போச்சு' என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. சில மாதங்களுக்கு முன் நண்பன் ஒருவனின் அப்பா இறந்துவிட்டார். செய்தியைத் திறந்தால், கீழே மூன்று பதில்களைக் கைபேசியே எடுத்து வைத்திருக்கிறது. 'ஆழ்ந்த இரங்கல்' என்பதைத் தொட்டேன், போய்விட்டது. அடுத்த நிமிடம் ஏதோ வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், எனக்கே அசிங்கமாக இருந்தது. ராத்திரி மனசு கேட்காமல் கூப்பிட்டேன். என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் பேச்சு வரவில்லை, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மாவே இருந்தோம். அப்புறம் அவனே, "முந்தாநாள்தான்டா அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டேன்" என்று ஆரம்பித்தான்.

கூப்பிட்டதும் அதே கைபேசியில்தான், அதனால் அதைக் குறை சொல்ல முடியாது. காலையில் அது எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது அந்தச் சங்கடத்தை. அந்தச் சங்கடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததால்தான் நகம் வெட்டிய கதை வந்தது.

கேள்வி: செயற்கை அறிவுச் செயலியிடம் மனம்விட்டுப் பேசுகிறேன். மனிதர்களைவிட நன்றாகக் கேட்கிறது. தப்பா?

பதில்: தப்பும் இல்லை, புதுசும் இல்லை. 1966-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலைசா' என்று ஒரு கணினி நிரலை வெளியிட்டார். மனநல ஆலோசகர் மாதிரி, நீங்கள் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, நாலு வரி தட்டியதும், "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?" என்று அவரை அனுப்பிவிட்டாராம். மனுஷன் ஆடிப்போய்விட்டார், பிற்பாடு கணினியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

நாம் இயந்திரமாகிவிடுவோமோ என்று பயப்படுகிறோம், நடப்பதென்னவோ, கிடைத்த இயந்திரத்துக்கெல்லாம் மனசை அள்ளிக் கொடுப்பதுதான். பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு மனிதரிடம் புலம்பினால் அவர் நடுவில் கொட்டாவி விடுவார், 'இதைவிடக் கேளு, எனக்கு' என்று தன் கதையை எடுப்பார், நீங்களும் கேட்டாக வேண்டும். செயலிக்குக் கதையே கிடையாது. நீங்கள் கடைசியாக இன்னொருவர் புலம்பலைக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால் எனக்கும் கொஞ்சம் கவலைதான்.

கேள்வி: ஐந்து நிமிடம் என்று கைபேசியை எடுத்தால் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். மன உறுதி இல்லையோ?

பதில்: உங்களை மட்டும் திட்டிக்கொள்ளாதீர்கள். பக்கம் முடிந்தால் கை தானாக நிற்கும், பக்கம் முடியவே முடியாதபடி செய்துவிட்டார்கள். முடிவில்லா ஸ்க்ரோலை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். எழுந்து போக நமக்கிருக்கும் சோம்பல் இதற்காவது உதவட்டும்.

கேள்வி: நீல டிக் விழுந்தும் பதில் இல்லை. என்னை மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014-ல். அதற்கு முன்பு இதே நண்பரை, பாவம் வேலையாக இருப்பார் என்று விட்டிருப்பீர்கள். செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம், அப்புறம் அடுத்தவர் படித்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது. ரொம்பத் தாங்கவில்லை என்றால் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை திட்டிவிடுங்கள்.