உயர் நீதிமன்றத்தில் அரசு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அப்படி என்ன வேலை?

சாட்சி விசாரணை எல்லாம் கீழ் நீதிமன்றத்திலேயே முடிந்துவிடுகிறதே, மேலே பி.பி. (அரசு குற்றவியல் வழக்கறிஞர்) அலுவலகத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாட்சிக் கூண்டு வேலை குறைவு என்பது சரிதான். ஆனால் எந்த மூலையில் எஃப்.ஐ.ஆர். போட்டாலும், அது ஜாமீன் மனுவாக இங்கே வந்து நிற்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். தென் மாவட்ட வழக்குகளை 2004 முதல் மதுரைக் கிளை கவனிக்கிறது. மற்ற மாவட்டங்களின் வழக்குகள் சென்னைக்கு.

நேரத்தைத் தின்பது ஜாமீன், முன்ஜாமீன் மனுக்கள்தான். மனுவின் நகல் வந்ததும் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்திலிருந்து விவரம் வரவழைக்க வேண்டும்: காயம் எப்படி, பழைய வழக்கு உண்டா, விசாரணை எந்த நிலையில். ஸ்டேஷனிலிருந்து பதில் வரவில்லையா? வழக்கறிஞர் வாய்தா கேட்க வேண்டும், நீதிபதியிடம் திட்டும் வாங்க வேண்டும். வழக்கு தள்ளிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அப்புறம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரும் மனுக்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்குப் பிரிவு 482. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 528. புதிய சட்டத்தில் 482 என்ற எண் முன்ஜாமீனுக்குப் போய்விட்டது. குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!

குண்டர் சட்டக் காவலை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுக்களில் (காவலில் இருப்பவரை விடுவிக்கக் கோரும் மனுக்கள்) அவகாசமே கிடைக்காது. மேல்முறையீடு வேறு ரகம். கட்டுக்கட்டான சாட்சியப் பதிவுகளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாதாட முடியும். மரண தண்டனை என்றால், குற்றவாளி முறையீடே செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தாக வேண்டும். அங்கும் அரசுத் தரப்பில் நிற்பது இவர்கள்தான்.