இளஞ்சிவப்பு வயரை வெட்டாதீர்கள்: படகு எஞ்சின் கேள்வி பதில்

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையில் 22 ஆண்டுகளாக, படகின் பின்னால் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறேன். இன்று மின்சாரமும் சென்சரும் மட்டும் கேளுங்கள்.

பாசையூரிலிருந்து: அண்ணா, 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர். எவ்வளவு இழுத்தாலும் பிளக்கில் பொறி இல்லை. சீடிஐ பெட்டியை மாற்றச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

வாங்காதீர்கள் தம்பி. அது பிளக்குக்குப் பொறி மின்னை அனுப்பும் மின்னணுப் பெட்டி, அதைத் திறந்து பார்க்க வழியில்லை. மற்ற எல்லாவற்றையும் சோதித்து முடித்த பிறகுதான் அதன் மேல் குற்றம் சொல்லலாம். விலையோ கொஞ்சமில்லை, போட்டுப் பார்த்த பெட்டியைக் கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

இரண்டு சிலிண்டரிலும் ஒன்றாகப் பொறி போனால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் பழுது இருக்கும். முதலில் நிறுத்தும் சுவிச்சைப் பாருங்கள். அது செய்யும் வேலை, பொறிக்கான மின்னை எர்த்துக்கு அனுப்புவது. உள்ளே உப்பு படிந்தால் நீங்கள் அழுத்தாமலே அந்த வேலையைச் செய்யும். யமஹாவில் வெள்ளை வயர். அதைக் கழற்றுங்கள். இரண்டு பிளக்கையும் தொப்பியில் மாட்டி, அவற்றின் உடலைப் புளொக்கில் அழுத்தி வைத்து இழுங்கள். பிளக் துவாரங்களைத் துணியால் அடைத்துவிடுங்கள், வெளிவரும் பெற்றோல் ஆவி தீப்பிடிக்கும். பொறி வந்தால் சுவிச்சை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளை வயரைத் திரும்ப மாட்டாமல் கடலுக்குப் போகாதீர்கள். அது இல்லாவிட்டால், நீங்கள் தவறி விழும்போது கையில் கட்டிய கயிறு எஞ்சினை நிறுத்தாது.

அப்போதும் பொறி வரவில்லையென்றால் பிளைவீலுக்குக் கீழே உள்ள சார்ஜ் கொயில் (பெட்டிக்கு மின் தருவது), பல்சர் கொயில் (பொறி விடும் நேரத்தைச் சொல்வது) இரண்டின் ஓம் அளவையும் எஞ்சினின் கைநூலோடு ஒப்பிடுங்கள். குளிரில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் அறுந்துபோகும் கொயில்களும் உண்டு. அவற்றைப் பிடிக்க, மின்துடிப்பின் உச்ச வோல்ற்றை அளப்பதற்கு மீற்றரில் மாட்டும் தனி இணைப்பு வேண்டும். சாதாரண மீற்றருக்கு அந்த நொடித் துடிப்பு தெரியாது.

வல்வெட்டித்துறையிலிருந்து: புதுப் பற்றரி. சாவியைத் திருப்பினால் ஸ்ரார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொல்கிறது.

மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் கழித்தல் முனையிலும் மற்றதை எஞ்சின் புளொக்கிலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் எர்த் வயர்தான் காரணம். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உறைக்குள் செம்பு பச்சையாகிப் பொடிந்திருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போடுங்கள்.

மயிலிட்டியிலிருந்து: ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அலாரம் அடித்து, வேகம் தானாகக் குறைகிறது. எங்கள் கரையில் எல்லோரும் இளஞ்சிவப்பு வயரை வெட்டிவிடுகிறார்கள். நானும் வெட்டலாமா?

வேண்டாம். அது சூட்டுச் சுவிச்சின் வயர். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தச் சுவிச் மூடிக்கொண்டு அலாரத்தை அடிக்க வைக்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போதே அலாரம் அடித்தால் வயர் தோலுரிந்து புளொக்கில் தொடுகிறது, அல்லது சுவிச் ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்து நிமிடம் கழித்து அடித்தால் எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது என்றே எடுங்கள். பின்னால் பீச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். நமது ஆழமில்லாத பரவைக் கடலில் சாதாளைப் புல் தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைக்கும், மணல் தண்ணீரை இறைக்கும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைத் தேய்க்கும்.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: நான் வெட்டி மூன்று வருடம் ஓடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. வாடைக்காற்றில் எஞ்சின் தானாக வேகம் குறைந்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அது ஆபத்தில்லையா ஐயா?

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வேகம் குறைந்தாலும் பல எஞ்சின்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்று மிஞ்சும். அதை வைத்துப் படகின் முன்பக்கமான அணியத்தை அலைக்கு நேரே பிடிக்கலாம். பிஸ்டன் இறுகிவிட்டால் ஒரு சுற்றும் மிஞ்சாது. அப்படி இறுகி, ஒரு தகப்பனும் மகனும் இரவு முழுவதும் மிதந்து, விடிந்த பிறகு இழுத்துவரப்பட்டார்கள். அந்த எஞ்சினைத் திறந்தவன் நான். இளஞ்சிவப்பு வயர் வெட்டப்பட்டு, ஒட்டுநாடா அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. அந்தப் பையனுக்குப் பதினாறு வயது. மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

காரைநகரிலிருந்து: ஆனால் சுவிச்சே பொய் சொல்வதும் உண்டல்லவா?

உண்டு. கரையில் கழற்றி, மீற்றரை மாட்டி, சுடுநீர்ப் பானையில் வெப்பமானியோடு இறக்குங்கள். கைநூல் சொல்லும் சூட்டுக்கு முன்பே மூடிக்கொண்டால் புதியது போடுங்கள். கழற்றிச் சோதிப்பது வேறு, வெட்டிவிட்டுக் கடலுக்குப் போவது வேறு.

நெடுந்தீவிலிருந்து: மண்ணெண்ணெய் எஞ்சின். பிளக் கறுத்து ஈரமாகிறது. கொயில் பழுதா?

மின்சாரப் பழுதாக இருக்காது. நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் பெற்றோலில் ஓட்டுங்கள்.

கொழும்புத்துறையிலிருந்து: பொறி இல்லை. பெட்டி வாங்கலாமா?

முதல் பதிலை வாசியுங்கள். வெள்ளை வயர்.

ஊர்காவற்றுறையிலிருந்து: எரிபொருளை ஊசியால் தெளிக்கும் நாலு ஸ்ரோக். மெதுவோட்டத்தில் தடுமாறுகிறது.

திறொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணினிப் பெட்டிக்குச் சொல்லும் திறொட்டில் சென்சரின் சமிக்ஞை வயரில் மீற்றரை வைத்து, திறொட்டிலை மெல்லத் திறவுங்கள். ஒரு வோல்றுக்குக் கீழே தொடங்கி ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் சென்சர் தேய்ந்துவிட்டது. அதற்கு முன் பிளக்கின் எண்ணைப் பாருங்கள். கைநூல் 'ஆர்' எழுத்துள்ள பிளக்கைச் சொல்லியிருக்க, அது இல்லாததைப் போட்டால் பொறியின் இரைச்சல் கணினிப் பெட்டியைக் குழப்பும்.

அராலியிலிருந்து: எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றலாமா?

கூடாது. பற்றரிக்குப் போகும் மின்னைச் சீராக்கும் ரெகுலேற்றர் எரிந்துபோகலாம்.

நாவாந்துறையிலிருந்து: பெட்டி மாற்றியும் பொறி இல்லை.

பணம் போய்விட்டதே என்று எனக்கு வயிறு எரிகிறது. வெள்ளை வயரைக் கழற்றுங்கள்.

மீண்டும் மயிலிட்டியிலிருந்து: அண்ணா, இப்போதுதான் தண்ணீர்ப் பம்பியைத் திறந்தேன். இம்பெல்லரில் மூன்று இதழ்கள் இல்லை.

நல்லது தம்பி. புது இம்பெல்லர் போட்டதும் மூடிவிடாதீர்கள். அந்த மூன்று இதழ்களும் தண்ணீர்க் குழாயில் எங்கேயோ நிற்கின்றன. தண்ணீர் வழியில் சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வான தேர்மோஸ்ரற்றைக் கழற்றி, மூன்றையும் எண்ணி எடுத்த பிறகு மூடுங்கள். இளஞ்சிவப்பு வயர் இருந்தபடியே இருக்கட்டும்.