உப்புக்குள்ள இருக்கிற விஷம் எங்க போச்சு?

கேள்வி: சோடியத்த தண்ணியில போட்டாலே தீப்பிடிக்கும்ங்கறாங்க, குளோரின் விஷ வாயுங்கறாங்க. ரெண்டும் சேர்ந்தா மட்டும் எப்படி சார் சாப்பிடுற உப்பாகுது? அந்த விஷம் எங்க போகுது?

பதில்: எங்கயும் போகல. விஷம்ங்கிறது அணுவுக்குள்ள தனியா உக்காந்திருக்கிற சரக்கு இல்லைங்க. ஒரு பொருள் எப்படி நடந்துக்கும்ங்கிறது பெரும்பாலும் அதோட வெளிக்கூட்டுல இருக்கிற எலக்ட்ரானப் பொறுத்தது. சோடியத்துக்கு மொத்தம் 11 எலக்ட்ரான், 2, 8, 1ன்னு அடுக்கியிருக்கும், அந்தக் கடைசி ஒத்தை எலக்ட்ரானத் தள்ளிவிட எப்பவும் ரெடி. குளோரினுக்கு 17, அதாவது 2, 8, 7, ஒண்ணே ஒண்ணு குறையுது, அதனால கிட்ட வர்ற எதுகிட்ட இருந்தும் பிடுங்கத்தான் பாக்கும், 1915ல முதல் உலகப்போர்ல பெல்ஜியத்து ஈப்ர் நகரத்துக்கிட்ட இந்த வாயுவத் திறந்து விட்டப்ப சிப்பாய்களோட நுரையீரல் நாசமானது இந்த வெறியாலதான்.

ரெண்டும் சந்திச்சா இது கொடுத்துடும், அது வாங்கிக்கும், கணக்கு முடிஞ்சுது. ஒண்ணு ப்ளஸ் அயனி, இன்னொண்ணு மைனஸ் அயனி (அயனின்னா மின்சுமை உள்ள அணு), ரெண்டோட வெளிக்கூடும் நிறைஞ்சாச்சு, இனி யாருக்கும் யார்கிட்டயும் சண்டையில்ல. அணுக்கரு அப்படியேதான் இருக்கு, அதுல கை வைக்கவே இல்ல. அதனாலதான் உப்ப உருக்கி கரண்ட் விட்டா அதே சோடியமும் அதே குளோரினும் திரும்பி வந்துடும், ஃபேக்டரியில சோடியம் எடுக்கிறதே இப்படித்தான்.

கேள்வி: அப்ப ரெண்டு பொருளக் கலந்து வச்சாலே சேர்மம் ஆயிடுமா?

பதில்: ஆகாது. இரும்புத்தூள் 7 கிராம், கந்தகத்தூள் 4 கிராம் கலந்து வைங்க, எத்தனை நாள் கழிச்சு காந்தத்தக் காட்டினாலும் இரும்பு தனியா வந்து ஒட்டிக்கும், கந்தகம் மஞ்சளாவே கீழ கிடக்கும். இது வெறும் கலவை. அதையே டெஸ்ட் டியூபுல போட்டு அடியில சூடு பண்ணினா ஒரு ஓரத்துல செக்கச்செவேல்னு கனல் பிடிக்கும், பர்னர அணைச்சிட்டாலும் அந்தக் கனல் தானா மேல ஏறிக்கிட்டே போகும் (இத முதல்முறை பாக்குறவங்க பர்னர் அணைஞ்சிடுச்சான்னு ரெண்டாவது தடவ குனிஞ்சு பாப்பாங்க), ஏன்னா இப்ப சூடு வர்றது பர்னர்ல இருந்து இல்ல, இரும்பும் கந்தகமும் பிணையுறதுல இருந்து. ஆறினதும் கருப்பா ஒரு கட்டி, இரும்பு சல்ஃபைடு, காந்தத்துக்கு முன்ன மாதிரி மசியாது. 7 கிராமுக்குப் பதிலா 10 கிராம் இரும்பு போட்டீங்கன்னா 3 கிராம் சும்மா மிஞ்சும். கலவையில உங்க இஷ்டத்துக்கு அளவு போடலாம், சேர்மத்துல அந்த பேச்சுக்கே இடமில்ல, அதோட விகிதம் ஃபிக்ஸ்டு.

கேள்வி: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தா தண்ணின்னா, ரெண்டையும் ஒரே பாட்டில்ல அடைச்சா ஏன் தண்ணியா மாறல?

பதில்: ரெண்டும் ஏற்கனவே ஜோடி சேர்ந்து இருக்குங்க. ஹைட்ரஜன் ஹைட்ரஜனோட, ஆக்சிஜன் ஆக்சிஜனோட. முதல்ல அந்தப் பிணைப்பு உடையணும், உடைக்க ஆற்றல் செலவாகும். பிணைப்புல ஆற்றல் ஒளிஞ்சிருக்கு, உடைச்சா வெளிய வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தலைகீழ். உடைக்கிறதுக்கு செலவு, சேர்றப்பதான் வரவு. ரெண்டு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் ஆக்சிஜனையும் (மோல்ங்கிறது மூலக்கூறுகள எண்ணுறதுக்கான ஒரு அளவு) உடைக்க சுமார் 1370 கிலோஜூல் ஆகும், புதுப் பிணைப்பு உண்டாகும்போது கிடைக்கிறது சுமார் 1850, அந்த மிச்சம்தான் வெடிச் சத்தமாவும் சூடாவும் வெளிய வருது. ஒரு சின்ன தீப்பொறி முதல் செலவுக்குப் போதும், மிச்சத்த வினை தானே பாத்துக்கும். தீப்பொறி இல்லாமலும் ஒரு வழி இருக்கு. 1823ல டோபரைனர்ங்கிற ஜெர்மன் வேதியியலாளர் பிளாட்டினத்து மேல ஹைட்ரஜன ஊதினார், காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து அதுவே பத்திக்கிச்சு. பிளாட்டினத்து மேல்பரப்புல ஒட்டினதும் ஹைட்ரஜன் ஜோடி சுலபமா பிரிஞ்சிடும். பிளாட்டினம் செலவே ஆகாது, அதான் வினையூக்கி.

கேள்வி: இருக்கிறது 118 தனிமம்தானே, கோடிக்கணக்குல சேர்மம் எப்படி வருது?

பதில்: முக்கியக் காரணம் கார்பன். நாலு கை, அதாவது நாலு பிணைப்பு வச்சுக்க முடியும், அதுலயும் தன்னோட தானே சங்கிலியா கோத்துக்கும். அதோட, என்னென்ன அணு இருக்குங்கிறது மட்டும் இல்ல, எப்படி கோத்திருக்குங்கிறதும் கணக்கு. ரெண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன எடுத்துக்கோங்க, ஆக்சிஜன் ஓரத்துல இருந்தா எத்தனால், 78 டிகிரியில கொதிக்கிற திரவம், அதே ஆக்சிஜன் ரெண்டு கார்பனுக்கும் நடுவுல போய் உக்காந்தா டைமெத்தில் ஈதர், சாதாரண வெப்பநிலையிலயே வாயு.