மாமியாரை வேகவைத்தது யார்?

கேள்வி: ஆப்பிரிக்காவில் கதைகளைக்கூடப் பாட்டாகவும் முரசொலியாகவும் சடங்காகவும்தான் சொல்வார்களாமே? பாவம், எழுத்து இல்லாததால் வந்த நிலைதானே?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: உங்கள் கேள்வியில் 'பாவம்' வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யார் பாவம்? போன இதழில் ஒரு கவிஞரின் 'நிலவைத் தின்றேன்' என்ற வரி 'நிலத்தைத் தின்றேன்' என்று அச்சாகிவிட்டது. அவர் ஊரில் நான்கு பேர் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்தார்களாம். எழுத்து, அச்சு, மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர், எல்லாம் இருந்தும் இப்படி.

காங்கோ ஆற்றங்கரையில் வாழும் லொக்கெலே மக்களிடம் முரசடித்தே சேதி சொன்ன முரசுக்காரர் நிலாவை இப்படிக் கோட்டைவிட்டிருக்க மாட்டார். அவர்கள் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். 'அலம்பகா பொய்லி' என்பதை ஒரு விதமாகச் சொன்னால் 'ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்'. இன்னொரு விதமாகச் சொன்னால் 'மாமியாரை வேகவைத்தான்'. நான் கதை விடவில்லை. 1938-இல் அங்கே போன கேரிங்டன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், முரசு மொழியைத் தானே அடிக்கக் கற்றுக்கொண்டவர், பதிவுசெய்து வைத்த உதாரணம் இது. நம் ஊரில் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மருமகன்கள் இரண்டு வேலையையும் ஒரே சமயத்தில் செய்வார்கள், ஒன்றை மனசுக்குள்.

சரி, முரசுக்கு வருவோம். ஒரு மரத்துண்டை உள்ளே குடைந்து, மேலே நீளமாக ஒரு பிளவு. பிளவின் ஒரு விளிம்பில் அடித்தால் உயர்ந்த ஒலி, மறு விளிம்பில் தாழ்ந்த ஒலி. உயிரும் இல்லை, மெய்யும் இல்லை. ஏற்ற இறக்கம் மட்டும்தான் காற்றில் போகும். நிலாவுக்கு அவர்கள் சொல் 'சொங்கே', கோழிக்கு 'கொக்கோ'. இரண்டும் முரசில் ஒன்றேதான்: இரண்டு உயர்ந்த அடி. அதனால் முரசுக்காரர் வெறும் நிலா என்று அடித்ததே இல்லை. 'பூமியைக் குனிந்து பார்க்கும் நிலா' என்று அடிப்பார். கோழி என்றால் 'கியோக்கியோ என்று கத்தும் சின்னக் கோழி'.

முப்பது வருடமாக 'சொற்சிக்கனம், சொற்சிக்கனம்' என்று என் கழுத்தை அறுக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும். அடைமொழி என்றால் கொழுப்பு, வெட்டி எறி என்பது அவர்கள் வேதம். இந்த முரசில் அடைமொழியை வெட்டினால் நிலா கொக்கரிக்கும்.

எழுத்து இல்லை என்றீர்களே. மாலி நாட்டின் திம்புக்டு நகரில் அரபு எழுத்தில் கையெழுத்துச் சுவடிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. அதே நாட்டில்தான் 'ஜெலி' என்ற பரம்பரைக் கதைப் பாடகர்கள் 13ஆம் நூற்றாண்டு மன்னன் சுந்தியாத்தாவின் கதையை வாயாலேயே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். பக்கத்தில் எழுத்து இருந்தும்! கங்காபா என்ற ஊரில் ஒரு வட்டமான மண்வீடு. ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதற்குப் புதுக் கூரை வேய்வார்கள். அப்போது கேலா ஊரின் டியாபத்தே குடும்பத்து ஜெலிகள் உள்ளே அமர்ந்து கதையைச் சொல்வார்கள். ஒலிப்பதிவு கூடாது. வெளியூர் ஆராய்ச்சியாளர் வாசலோடு சரி. எழுத்தில்லாத குறை மாதிரியா தெரிகிறது? எனக்குப் பூட்டிய பெட்டி மாதிரி தெரிகிறது.

சுந்தியாத்தாவின் ஜெலி பாலா ஃபாசெக்கே. எதிரி மன்னன் சுமங்குருவின் பலாஃபோனை, அதாவது மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிச் சுரைக்குடுக்கை கட்டிய வாத்தியத்தை, அவன் இல்லாதபோது தொட்டு வாசித்துவிட்டார். அவனைத் தவிர யாரும் தொடக்கூடாத வாத்தியம். கையும் களவுமாக அகப்பட்டதும், அதே வாத்தியத்தில் அவனைப் புகழ்ந்து அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டி உயிர் தப்பினார் என்கிறது கதை. நம் நூல் வெளியீட்டு விழாக்களில் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லாமலே இதைவிட நீளமாகப் புகழ்கிறார்கள். அந்தப் பலாஃபோன்தான் இது என்று ஒரு வாத்தியத்தை கினி நாட்டின் நியாகசோலாவில் குயாத்தே குடும்பம் இன்றும் வைத்திருக்கிறது. 2001-இல் யுனெஸ்கோவும் வந்து முத்திரை குத்திவிட்டுப் போனது.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த ஆள். ஜெலி கதை சொல்லும்போது பக்கத்தில் ஒருவர் வரிக்கு வரி 'நாமு, நாமு' என்பார். 'ஆம்' என்று பொருள். கேட்கிறவன் தூங்கவில்லை, கதை சரியாகத்தான் போகிறது, மேலே சொல் என்று அர்த்தம். நம் பாட்டிகள் 'உம்' கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்களே, அது. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் போடும் 'ஆமா'வும் அதே வேலைதான். என் தலையங்கத்துக்கும் இப்படி ஒருவரை நியமிக்கலாம் என்று பார்க்கிறேன். 'சம்பளம் யார் கொடுப்பது?' என்று நிர்வாகம் கேட்கிறது.

'நாமு' அரபுச் சொல்லான 'நஅம்' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். உடனே 'இல்லை, நம்முடைய ஆமாம்தான் கடல் கடந்து போய் நாமு ஆனது' என்று கட்டுரை எழுதி அனுப்பிவிடாதீர்கள். அந்த ரகத்தில் ஏற்கெனவே இரண்டு மேசையில் கிடக்கின்றன. ஒன்று நாற்பது பக்கம்.